புயல் போன எட்டாம் மாதம்

ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் நமது கடலோர மாவட்ட விவசாயிகளுக்கு வயிற்றில் புளியைக் கரைக்க ஆரம்பித்துவிடும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்ததுமே, தூர் கட்டி நிற்கும் சம்பாவையும் காய்த்து நிற்கும் தென்னையையும் நினைத்துத் தூக்கம் போய்விடும். புயல் அடிக்கும், ஓயும். மறுநாளோ மூன்றாம் நாளோ வருவாய்த் துறையினர், வேளாண்மைத் துறையினர், பல்கலைக்கழகத்தினர் என்று பலரும் ஜீப்பில் வந்து இறங்குவோம். எத்தனை மரம் விழுந்தது? எத்தனை ஏக்கர் மூழ்கியது? எத்தனை மாடு செத்தது? குறித்துக்கொண்டு போவோம்.

எண்ணுவது தவறல்ல. எண்ணாமல் நிவாரணம் வழங்க முடியாது. ஆனால் இந்த எண்ணிக்கை மட்டும் போதாது, இதை வைத்துக்கொண்டு உண்மையான சேதத்தை அறிய முடியாது என்று பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகக் கூறி வருகின்றனர். பேரிடர் ஆய்வு என்று இத்துறைக்குப் பெயர். பெயர் பெரிதாக இருப்பதால் இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று விவசாயிகள் ஒதுக்கிவிட வேண்டாம். இத்துறையின் முக்கியமான பாடம் ஒன்று நமது பக்கத்து மாநிலத்து நெல் வயல்களில், இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் குடியானவர்களிடமிருந்துதான் கற்கப்பட்டது.

திவிசீமாவில் கண்டது

கிருஷ்ணா நதி கடலில் சேருமுன் இரண்டாகப் பிரிகிறது. அவ்விரு கிளைகளுக்கும் கடலுக்கும் நடுவே தீவு போல் கிடக்கும் வளமான நெல் பூமிக்குத் திவிசீமா என்று பெயர். 1977-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி அடித்த புயலில் கடல் ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்துக்கு, அதாவது மூன்று ஆள் உயரத்துக்கு எழும்பி ஊருக்குள் புகுந்தது. அரசுக் கணக்குப்படியே சுமார் 10,000 பேர் மாண்டனர். மாடு கன்றுகளுக்கு அளவில்லை. வயல்களில் உப்பு நீர் நின்றது.

அதன்பின் அங்கு ஆராய்ச்சிக்குச் சென்றவர்களில் பீட்டர் வின்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் ஒருவர். இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர். புயலைத் தாங்கும் வீடு கட்டும் கொள்கைதான் அவர் எடுத்துக்கொண்ட பொருள். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், 1977 முதல் 1983 வரை அந்தக் குடும்பங்கள் எப்படி எழுந்தன, எப்படி எழாமல் போயின என்று கவனித்து எழுதினார். பிறகு 1988 வரையிலான நிலையையும் சேர்த்து 1992-ல் நூலாக வெளியிட்டார். வீட்டைப் பற்றி ஆராயப் போனவர், கல்வீடா கூரைவீடா என்பதைவிட அந்தக் குடும்பத்தின் கையில் என்ன இருந்தது என்பதுதான் பெரிய கேள்வி என்ற முடிவுக்கு வந்தார்.

அவரது ஆய்வை ஆதாரமாகக் கொண்டு, 1994-ல் வெளிவந்த ஒரு நூல் இரண்டு குடும்பங்களை ஒப்பிட்டுக் காட்டுகிறது. பியர்ஸ் பிளெய்க்கி, டெர்ரி கேனன், இயன் டேவிஸ், பென் விஸ்னர் ஆகிய நால்வர் எழுதியது. இன்று உலகெங்கும் பேரிடர் ஆய்வு மாணவர்கள் படிக்கும் நூல். அந்த ஒப்பீட்டை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டு வீடுகளுக்கும் இடையே 100 மீட்டர் தூரம்தான். முதல் வீடு செங்கல் வீடு. மூன்று ஏக்கர் நல்ல நஞ்சை, ஆறு உழவு மாடுகள், சிறு தானிய வியாபாரம், ஒரு லாரி, ஒரு ரேடியோ. இரண்டாவது வீடு குச்சி நட்டுக் கூரை வேய்ந்தது. கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள். பாசன வசதியில்லாத அரை ஏக்கர் சொந்த நிலம், வாரத்துக்கு எடுத்தது கால் ஏக்கர், ஒரு காளை, ஒரு கன்று. மீதி நாட்களுக்குக் கூலி வேலை.

புயல் எச்சரிக்கையை ரேடியோவில் கேட்ட முதல் குடும்பம் பெறுமானமுள்ள பொருட்களுடன் லாரியில் ஏறிப் போய்விட்டது. கூரை பறந்தது, சுவரில் ஒரு பகுதி இடிந்தது, மூன்று மாடுகள் செத்தன, பயிர் போயிற்று. இரண்டாவது குடும்பத்தில் கடைசிக் குழந்தையை வெள்ளம் கொண்டு போனது. வீடு இருந்த இடம் தெரியவில்லை. காளையும் கன்றும் போயின. பயிரும் போயிற்று.

இதுவரை உள்ளது புயலின் கணக்கு. குழந்தையின் உயிருக்கு விலை கிடையாது. அதை விட்டுவிட்டு ரூபாயில் மட்டும் கூட்டிப் பார்த்தால் முதல் குடும்பத்துக்குத்தான் நஷ்டம் அதிகம். நமது வழக்கமான படிவத்தை நிரப்பினால் அப்படித்தான் வரும்.

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. முதல் குடும்பம் கையிருப்பை எடுத்து ஒரு வாரத்துக்குள் வீட்டைச் சரிசெய்துகொண்டது. புது மாடு வாங்கியது. தண்ணீர் வடிந்ததும் உழுது நட்டது. இரண்டாவது குடும்பத்துக்குக் கையிருப்பு இல்லை. தலைக்கு மேல் ஒரு கூரை போடவே வட்டிக்காரரிடம் போக வேண்டியதாயிற்று. மாடு வாங்க வழியில்லை. உழவுக்கு வாடகை மாடு பிடிக்க வேண்டும். ஆனால் ஊரில் பாதி மாடுகள் செத்துப்போன நிலையில் வாடகை மாட்டுக்கு எல்லோரும் அடித்துக்கொள்கிறார்கள். முறை வந்தபோது பருவம் தப்பிவிட்டது. விளைவு, புயல் போய் எட்டு மாதம் கழித்து அந்த வீட்டில் பட்டினி.

புயலால் வந்த பட்டினி என்று அந்த எட்டாவது மாதத்தில் யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். கணக்கெடுப்பு எப்போதோ முடிந்திருக்கும்.

ஒற்றை மாட்டுக்காரர்

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது இந்தப் பகுதியை வாசித்துவிட்டு நான் வெகுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். காரணம், அதே 1977 நவம்பரில், திவிசீமாப் புயலுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 12-ந் தேதி நாகப்பட்டினத்தை ஒரு புயல் தாக்கியது. நமது மாநிலத்தில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எனக்கு அப்போது ஆறேழு வயது. எங்கள் கூரை போனதும், கோயில் மண்டபத்தில் மூன்று நாள் தங்கியதும், யாரோ கொடுத்த சோற்றுப் பொட்டலமும் நினைவிருக்கின்றன. ஜோடி மாட்டில் ஒன்று சுவர் விழுந்து செத்தது.

ஆனால் அதைவிட நன்றாக நினைவிருப்பது அடுத்த ஆடி மாதம். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என் தகப்பனார் இன்னொரு ஒற்றை மாட்டுக்காரரைத் தேடித் தெருத் தெருவாக அலைந்தார். கிடைத்தவர் முதலில் தன் வயலை முடித்துக்கொண்டுதான் வருவேன் என்றார். நியாயம்தானே? எங்கள் நாற்று முற்றிய பிறகு நட்டோம். அந்த ஆண்டு கண்ட மகசூல் வட்டிக்கே சரியாகப் போயிற்று. என் தாயாரின் தோடு அடகுக் கடையிலிருந்து திரும்பவேயில்லை. இதெல்லாம் எங்கள் குடும்பத்தின் துரதிர்ஷ்டம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். கிருஷ்ணா டெல்டாவில் முகம் தெரியாத ஒருவருக்கும் அதே எட்டாம் மாதம் வந்தது என்று படித்தபோதுதான் இதற்கு ஒரு காரண காரியம் உண்டு என்று புரிந்தது.

குறை மழையிலா, பயிரிலா?

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேரிடர் ஆய்வுப் பிரிவு ஒன்று இருந்தது. அங்கே பணியாற்றிய பில் ஓகீஃப், கென் வெஸ்ட்கேட், பென் விஸ்னர் என்ற மூவர் 1976-ல், அதாவது திவிசீமாப் புயலுக்கு முந்தைய ஆண்டு, புகழ்பெற்ற அறிவியல் வார இதழ் ஒன்றில் ஒரு சிறு கட்டுரை எழுதினர். இயற்கைப் பேரிடர் என்ற சொல்லிலிருந்து இயற்கையை எடுத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். புயலும் வெள்ளமும் நிலநடுக்கமும் இயற்கை. அவை பேரிடராக மாறுவது மனிதர் வாழும் நிலைமையால் என்றனர். அந்த நிலைமையைத்தான் நலிவு நிலை என்று எங்கள் துறையில் குறிப்பிடுகிறோம்.

விவசாயிகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த இரண்டு வயல். ஒன்றில் யூரியாவை அளவுக்கு மேல் கொட்டியிருக்கிறார்கள். பயிர் கருகருவென்று வளர்ந்து, கதிர் வந்த நேரத்தில் ஒரு மழைக்கே பாயாய்ப் படுத்துவிடுகிறது. பக்கத்து வயலில் அளவாக உரமிட்ட பயிர் அதே மழையில் நிற்கிறது. மழையைக் குறை சொல்லிப் பயனென்ன? தண்டு ஏன் வலுவிழந்தது என்றல்லவா பார்ப்போம்? குடும்பத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்கின்றனர் இவர்கள்.

முன்னே சொன்ன நால்வர் நூலில் இதற்கு ஒரு உவமை உண்டு. கொட்டையை உடைக்கும் கருவி. நம் வீட்டுப் பாக்குவெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை புயல். இன்னொரு கை, புயலுக்கு வெகுகாலம் முன்பிருந்தே மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டிருக்கும் கடன், வாய்மொழிக் குத்தகை, பங்கு பிரியாத நிலம், மாற்று வருமானம் இல்லாமை. இரண்டு கையும் சேரும்போதுதான் பாக்கு உடைகிறது. புயலாகிய கையை நம்மால் பிடிக்க முடியாது. மற்றொரு கையைச் சிறிதாவது விரித்துவிடலாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உயிரைக் காப்பதில் நாடு வெகுதூரம் முன்னேறியிருக்கிறது. 1990 மே மாதத்தில் அதே கிருஷ்ணா டெல்டாவை ஏறத்தாழ அதே வலிமையுள்ள புயல் தாக்கியது. முன்கூட்டியே எச்சரித்து லட்சக்கணக்கானவர்களை அப்புறப்படுத்தியதால் இறந்தவர் தொகை ஆயிரத்துக்கும் குறைவு. முந்தையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் எட்டாம் மாதத்துக்கு எச்சரிக்கைக் கூண்டு எந்தத் துறைமுகத்திலும் ஏற்றப்படுவதில்லை.

கஜா புயலும் இரண்டு தோப்புகளும்

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மணிக்கு 100 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் காற்று வீசியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களிலும் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதிகளிலும் லட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன. மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், விழுந்ததை வெட்டி அகற்ற 500 ரூபாயும் ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய்.

ஒரு வாரம் கழித்துப் பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். தார் ரோட்டு ஓரமாக ஒரு ஆறு ஏக்கர் தோப்பு. அதற்குப் பின்னால், வாய்க்காலைத் தாண்டி, 90 சென்ட் தோப்பு ஒன்று. பெரிய தோப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. சின்னத் தோப்பில் 63 மரத்தில் 40 மரம் சாய்ந்திருந்தது. அதன் சொந்தக்காரர் கணவனை இழந்த ஒரு அம்மா. மரங்களை எண்ணிக் குறித்துக்கொண்டு, குருத்து தப்பிய மரங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று விளக்கிவிட்டுப் புறப்பட்டேன்.

“இப்ப வந்து எண்ணிட்டுப் போறீங்க சார். நல்லதுதான். ஆடி மாசம் ஒரு தடவை வந்து பாருங்க” என்றார் அந்த அம்மா.

“ஏம்மா, ஆடியில என்ன?”

“அப்பத்தானே சார் தெரியும், நான் இருக்கேனா போனேனான்னு.”

சொன்னபடியே 2019 ஆடியில் போனேன். முதல் தோப்பில் பொக்லைன் வைத்து அடிமரங்களை அப்புறப்படுத்தி, மார்கழி, தை நடவுப் பருவத்திலேயே புதுக் கன்றுகளை 25 அடி இடைவெளியில் நட்டிருந்தார்கள். நடுவில் கடலை போட்டு எடுத்தாகிவிட்டது. கன்றுகள் நாலைந்து மட்டை விட்டு நன்றாக நின்றன. மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம் முதலில் உதவியது. நிவாரணத் தொகை பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

வாய்க்காலுக்கு அப்பால், சின்னத் தோப்பில் அடிமரங்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. பட்டா மாமனார் பெயரில் இருந்தது. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் பெயர் மாற்றவில்லை. கணவருடன் பிறந்தவர்கள் மூவர்; ஒருவர் கையெழுத்துப் போட மறுத்ததால் பணம் வர மாதங்கள் ஆயின. மரத்தை அறுத்து இழுத்துப் போட ஆளும் இயந்திரமும் கேட்ட கூலி, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேண்டியிருந்ததால், மும்மடங்கு ஏறியிருந்தது. திவிசீமாவின் வாடகை மாடு இங்கே மரம் அறுக்கும் இயந்திரமாக வந்து நின்றது.

அதோடு போகவில்லை. மழையில் ஊறி மக்கிய அடிமரங்களில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகிவிட்டது. ஒரு மரத்தைக் கடப்பாறையால் நெம்பினோம். உள்ளே விரல் பருமனுக்கு வெள்ளைப் புழுக்கள். கடன் வாங்கி வைகாசியில் நட்ட 20 கன்றுகளில் ஏழில் குருத்து விசிறி போல் கத்தரிக்கப்பட்டிருந்தது. பெரிய தோப்புக்காரரின் கன்றுகளில் வண்டு மிகக் குறைவு. ஒரே காற்று, ஒரே மண். ஒருவரிடம் மரத்தை அகற்றக் காசு இருந்தது, மற்றவரிடம் இல்லை. பூச்சியியல் பாடப் புத்தகத்தில் இந்தக் காரணத்தை நான் எங்கும் வாசித்ததில்லை.

அந்த ஆண்டு மேட்டூர் அணையும் வழக்கமான ஜூன் 12-க்குப் பதில் ஆகஸ்டு 13-ந் தேதிதான் திறக்கப்பட்டது. ஆகவே அந்த அம்மா நம்பியிருந்த நடவுக் கூலி வேலையும் தள்ளிப்போனது. சுய உதவிக் குழுக் கடன், நகைக் கடன், கைமாற்று என்று மூன்று இடத்தில் பாக்கி. நவம்பரில் நான் நிரப்பிய படிவத்தில் ‘மரம் 40’ என்று மட்டும் இருக்கிறது.

காண்டாமிருக வண்டு பற்றிக் கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். மக்கிய அடிமரங்களையும் அடிக்கட்டைகளையும் அகற்றுவது அல்லது எரிப்பதுதான் முதல் வேலை. எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றினால் புழுக்கள் நோயுற்று மடியும். கன்றுகளின் உள் மட்டை இடுக்கில் மூன்று அந்துருண்டைகளை 45 நாட்களுக்கு ஒரு முறை வைக்கலாம். வளர்ந்த மரமானால் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உட்குருத்து மட்டை இடுக்குகளில் இட வேண்டும். எரிப்பதையும் அகற்றுவதையும் ஒரு தோப்பில் மட்டும் செய்து பயனில்லை. வண்டுக்கு வரப்பு கிடையாது. வசதியுள்ளவர்கள் பக்கத்துத் தோப்பு அடிமரத்தையும் சேர்த்து இழுத்துப் போட உதவினால் அது தர்மம் மட்டுமல்ல, சொந்தக் கன்றுக்கும் காவல்.

தார் ரோட்டு ஆராய்ச்சி

நான் மறுபடியும் போனதற்குக் காரணம் அந்த அம்மா அழைத்ததுதான். அழைக்காவிட்டால் போயிருப்பேனா? சந்தேகம்தான். ராபர்ட் சேம்பர்ஸ் என்ற இங்கிலாந்து அறிஞர் எழுபதுகளில் நமது வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் நெல் சாகுபடி பற்றிய ஆய்வில் பங்கேற்றவர். 1983-ல் எழுதிய ஒரு நூலில் எங்களைப் போன்றவர்களின் குறைகளைப் புட்டுப் புட்டு வைத்திருக்கிறார். ஆராய்ச்சியாளர்கள் தார் ரோடு போகும் வரைதான் போகிறார்கள். மழைக்காலத்தில் போவதில்லை, நிலம் காய்ந்த பிறகே போகிறார்கள். ஆண்களிடம் பேசுகிறார்கள், பெண்களிடம் பேசுவதில்லை. வசதியுள்ளவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி விடுகிறார்கள் என்கிறார். காப்பி என்பது என் சேர்க்கை. மற்றதெல்லாம் அவர் சொன்னதுதான். படித்தபோது கோபம் வந்தது. பிறகு என் பழைய பயணக் குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தேன். கோபம் போய்விட்டது.

என் துறையின் மற்றொரு குறையையும் மறைப்பதற்கில்லை. ஏக்கருக்கு எத்தனை காய் என்ற கணக்கில் தனித் தென்னையைப் பல ஆண்டுகள் நாங்களே தூக்கிப் பிடித்தோம். நல்ல வருமானம் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் கன்று காய்க்கக் குட்டை ரகமானால் மூன்று, நான்கு ஆண்டு. நெட்டையானால் ஆறு, ஏழு ஆண்டு. அத்தனை காலம் தாக்குப்பிடிக்க முடியாத 90 சென்ட் குடும்பத்துக்கு அது எத்தகைய பந்தயம் என்று நாங்கள் எடுத்துச் சொன்னதில்லை. இன்று யாராவது என்னிடம் கேட்டால், சிறு தோப்பில் வாழை, கோகோ, கிழங்கு வகை என்று ஏதாவது ஊடுபயிர் இல்லாமல் விடாதீர்கள். வரப்போரப் பனையை வெட்டாதீர்கள். இரண்டு ஆடாவது கட்டுங்கள் என்றே சொல்கிறேன். நெல்லில் தண்ணீர் தேங்கும் பள்ளக்கால் வயலுக்கு, பொன்மணி என்று நாம் பழகிய சி.ஆர். 1009 ரகத்திலேயே வெள்ளம் தாங்கும் குணம் சேர்த்த சி.ஆர். 1009 சப் 1 இருக்கிறது. இளம்பயிர் பத்து நாளுக்கு மேல் மூழ்கிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். விதையில் ஒரு பங்கை மேட்டு நிலத்து வீடு ஒன்றில் ஊர்ப் பொதுவாக வைத்துக்கொண்டால், பயிர் அழுகினாலும் சமுதாய நாற்றங்கால் விட்டு மறுநடவு செய்ய முடியும்.

காகிதம் என்னும் வேர்

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்த விரும்புவது காகிதங்களைப் பற்றி. விவசாயிகளுக்கு இது சலிப்பாக இருக்கும். ஆனால் புயலுக்குப் பிறகு சிறு விவசாயியைக் கீழே தள்ளுவதில் பட்டாவுக்குள்ள பங்கு காற்றுக்குக் குறைந்ததல்ல என்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

தகப்பனார், மாமனார் பெயரில் பட்டா இருந்தால் வெயில் காலத்திலேயே வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்ற மனுக் கொடுத்துவிடுங்கள். பங்காளிகளுக்குள் மனத்தாங்கல் இருந்தாலும் நல்ல நாளில் பேசி முடிப்பது எளிது. நிவாரணப் பணம் வந்து நிற்கும் நாளில் பேசினால் தீராது. கணவனை இழந்த பெண்கள் இதில் மிகவும் பின்தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஊரில் படித்த பிள்ளைகள் யாராவது கூடப் போய் எழுதிக்கொடுக்க வேண்டும். அடங்கலில் நீங்கள் உண்மையில் சாகுபடி செய்யும் பயிர் பதிவாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு பருவத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். ஊடுபயிர் பதிவாகாவிட்டால் புயலுக்குப் பின் அந்தப் பயிர் இருந்ததாகவே யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

குத்தகைதாரர் நிலைமை இன்னும் கடினம். பயிர் அவருடையது, நஷ்டம் அவருடையது, பணம் பட்டாதாரருக்கு. 1969-ம் ஆண்டின் வேளாண் நிலக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி குத்தகையைப் பதிவு செய்ய நமது மாநிலத்தில் வழியிருக்கிறது. பதிவு கேட்டால் அடுத்த ஆண்டு நிலமே கிடைக்காது என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வீண் பயம் என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். கோயில் நிலம், மட நிலம் உழுபவர்களுக்கு ரசீதாவது உண்டு. அதைப் பத்திரமாக வையுங்கள். தனியார் நிலமானால், குத்தகை கொடுத்ததற்குத் தேதி போட்ட ஒரு சீட்டையாவது கையெழுத்துடன் வாங்கி வையுங்கள். சட்டப் பதிவுக்கு அது ஈடாகாது; ஒன்றுமில்லாததற்கு அது மேல். பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். குத்தகைதாரரும் அடங்கல் காட்டிச் சேரலாம். கடைசித் தேதி வரை காத்திருந்தால் மழையும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

இந்தக் காகிதங்கள் அனைத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கூரையில் செருகாமல், புயல் மழை அறிவித்ததும் கையில் எடுத்துப் போகிற இடத்தில் வையுங்கள். செல்போனில் படம் எடுத்து வெளியூரில் உள்ள பிள்ளைக்கு அனுப்பி வைப்பதும் நல்லது.

குழுவாக உள்ள பெண்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். பேராவூரணிப் பக்கத்து அந்த ஊரிலேயே பிறகு ஒரு சுய உதவிக் குழுவினர் மாதம் ஆளுக்கு 20 ரூபாய் தனியாக ஒதுக்கி, புயலோ வெள்ளமோ வந்தால் முதல் உழவுக்கும் மரம் அகற்றவும் மட்டும் கொடுப்பது என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். வீட்டுச் செலவுக்கு எடுக்கக் கூடாது என்பது கண்டிப்பு. தொகை சிறிதுதான். வாடகை இயந்திரத்துக்கு முதலில் முன்பணம் கொடுப்பவர் யார் என்பதில்தான் பருவம் தப்புவதும் தப்பாததும் இருக்கிறது என்று அந்த அம்மாவே கூட்டத்தில் சொன்னாராம்.

புயல் பாதித்த கிராமங்களுக்கு எங்கள் மாணவர்கள் இப்போது இரண்டு முறை செல்கிறார்கள். தண்ணீர் வடிந்ததும் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை. இரண்டாவது முறை மரத்தை எண்ணுவதில்லை. உழவு என்றைக்கு நடந்தது, யாருக்குப் பிறகு நடந்தது, எந்த நகை எங்கே இருக்கிறது, பள்ளிக்கூடம் போன பிள்ளை இப்போதும் போகிறதா, வெளியூர் வேலைக்குப் போனவர் யார் என்று கேட்பார்கள். வாய்க்காலுக்கு அப்பால் உள்ள வீடுகளுக்கு முதலில் போக வேண்டும் என்பது உத்தரவு. கோலமாவால் தரையில் ஊர்ப்படம் வரையச் சொல்வார்கள். சிரிக்காமல் வரைந்து கொடுங்கள். எந்த வீடு எப்போது தடுமாறும் என்பது படிவத்தைவிட அந்தப் படத்தில் நன்றாகத் தெரிகிறது. அவர்கள் கேட்க மறந்த விஷயம் எதுவானாலும் நீங்களாகவே சொல்லுங்கள். அதை எழுதிக்கொள்வதற்காகக் கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.